போகிக்குப் பறித்த மொச்சை

ஐப்பசி மழை விட்டதும் பழனியின் கொல்லை ஊர் வாயில் விழுந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் பஸ் ஒரு வளைவில் வேகம் குறைத்து மெல்லத் திரும்பும். அந்த வளைவை ஒட்டித்தான் கொல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்க்காமல் போக முடியாது. மற்றவர்கள் கொல்லையில் மொச்சை கரும்பச்சையாகப் படர்ந்து கிடக்க, இங்கே மட்டும் வரிசை வரிசையாக மஞ்சள் பூத்து நின்றது. பூ இல்லை, இலைதான். பஸ் சத்தம் கேட்டாலே பழனி ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்துவிடுவான்.

"இன்னா பழனி, மாரியாத்தாவுக்கு நேந்துக்கினு வெதச்சியா? கொல்லையே மஞ்சத்துணி கட்டிக்கினு நிக்குது" என்றான் டிராக்டர் ஓட்டும் மாயவன். டீக்கடையில் குந்தியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பழனி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தான். மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சிக்குப் போய் மருந்து வாங்கினான். யாரிடமோ தெளிப்பான் டப்பாவை இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது, வரப்பில் அவன் மனைவி கண்ணகி நின்றிருந்தாள்.

"டப்பாவ எறக்கு" என்றாள்.

"வழிய வுடு. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிச்சா செடி சாவாது. மருந்தடிச்சா அந்த மேடம் சொன்ன சோதன செத்துப்பூடும்."

"செடியே சாவுது, சோதன இன்னாத்துக்கு?"

"நோவு வரணும். வந்தாத்தான் எது தாங்குது, எது தாங்கலன்னு தெரியும். நடுநடுவுல ஒரு வரிச பழைய ரகம் போட்டிருக்குதே, அது எதுக்குன்னு நெனைக்கற? நோவ வரவழைக்கத்தான். வெள்ள ஈ அதுல குந்தி நோவ எடுத்துக்கினு பக்கத்துப் பாத்திக்குப் போவும்."

"அப்ப நோவுக்கு எல போட்டு விருந்து வெச்சிருக்கிறோம்."

"ஆமா. யாரு தின்னுட்டு விழறாங்க, யாரு எழுந்து நிக்கறாங்கன்னு பாக்கணும்."

பழனி டப்பாவை இறக்கவில்லை, மேலே நடக்கவும் இல்லை. "சுப்புராயன் ஐயா சொன்னது நெனப்பு இருக்குதா ஒனக்கு?" என்றான்.

"இருக்குது. அதுக்குத்தான் சொல்றன்."

சுப்புராயன் கொல்லைக்குச் சொந்தக்காரர். விளைச்சலில் பங்கு பேசிப் பழனிக்கு வாரத்துக்கு விட்டிருந்தார். பழனியும் கண்ணகியும் மற்ற நாளெல்லாம் கூலிக்குப் போகிறவர்கள். தங்கள் கையால் விதைத்து அறுப்பதற்கென்று இருந்தது இந்த ஒரு மேட்டுக்கொல்லைதான். மூன்று நான்கு வருடமாக மொச்சை போட்டால் மஞ்சள் நோய் வந்து, ஆட்டுக்கு அறுத்துப் போடும்படி ஆயிற்று. சுப்புராயன் ஆடியிலேயே சொல்லிவிட்டார். "இந்த வருஷமும் பாரு. தேறலன்னா மாட்டுப்பொங்கலுக்கு மறுநா உழுதுட்டு கரும்பு வெச்சிடுவன். போர்த்தண்ணிய பைப்புல இஸ்துக்கலாம்." கரும்பு வைத்தால் வாரக்காரனுக்கு வேலையில்லை. பழனியின் தம்பி பெங்களூரில் கான்கிரீட் வேலையில் இருந்தான். பழனியும் அங்கேதான் போக வேண்டும். கூடவே கண்ணகியும், தகரக் கொட்டகைக்கு.

அந்த ஆடியில்தான் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து கோகிலவாணி என்கிற பெண் வந்து வீடு வீடாகச் சோதனைக்குக் கொல்லை கேட்டாள். சேலத்துக்காரி. சின்னச் சின்னப் பொட்டலத்தில் மொச்சை விதை வைத்திருந்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஒவ்வொரு ரகத்தையும் கொல்லையில் மூன்று இடத்தில் மாற்றி மாற்றி விதைக்க வேண்டும், மருந்து அடிக்கக் கூடாது, நோய் வந்த செடியைப் பிடுங்கக் கூடாது, கடைசியில் பாத்தி பாத்தியாகக் காயை எடை போட வேண்டும், எடை போட்ட பிறகு காய் உங்களுக்கே என்றாள். ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்தும் அடிக்கக்கூடாது, நோவுச் செடியப் புடுங்கவும் கூடாதுன்னா அது வெள்ளாமையா, வேடிக்கையா?" என்று கேட்டு அனுப்பினார்கள். கண்ணகிதான் சரி என்றாள். அத்தனை பொட்டலத்தில் ஒன்றாவது நோயைத் தாங்காதா என்று நினைத்தாள். தாங்குகிற விதை ஒன்று இருந்தால் அது முதலில் தன் கொல்லையில்தான் முளைக்க வேண்டும்.

பழனி அன்றைக்கு டப்பாவை மருந்து ஊற்றாமலே திருப்பிக் கொடுத்தான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கார்த்திகையில் ஊர்க் கொல்லைகளிலும் மஞ்சள் இறங்கியது. மருந்து அடித்தவர்களுக்கும் அடிக்காதவர்களுக்கும் ஒரே கதிதான். எதிர்வீட்டுப் பச்சையம்மா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"எல்லாம் உங்க கொல்லையிலேருந்துதான் வந்துச்சு. நோவ வளத்து வுட்டுட்டீங்க."

"போன வருஷம் எங்க கொல்லையில சோதன இல்லியேக்கா" என்றாள் கண்ணகி. "அப்ப எங்கேருந்து வந்துச்சு? முந்தின வருஷம்?"

"வாய் மட்டும் வாடாம வெச்சிருக்கிற" என்று பச்சையம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்கழியில் பனி இறங்கியது. விடிந்த பிறகும் கல்வராயன் மலை தெரியாமல் வெள்ளையாக மூடிக் கிடக்கும். வெயில் ஏற ஏற மலை வெளியே வரும், கொல்லையும் வெளியே வரும். இப்போது பாத்திகள் ஒன்றுக்கொன்று வேறாகத் தெரிந்தன. சில பாத்திகள் முழுக்க மஞ்சளாகி, இலை சுருங்கி, காய் கொக்கி போல வளைந்துவிட்டன. சிலதில் பாதிச் செடி தப்பியிருந்தது. மூன்றாம் நம்பர் பாத்திகள் ஒரு புள்ளி மஞ்சள் இல்லாமல் பச்சையாக நின்றன. ஏழாம் நம்பரும் பச்சை. மஞ்சள் வரிசைக்குப் பக்கத்தில், இலையோடு இலை உரசிக்கொண்டு நின்றும் அது வாடவில்லை. கொத்துக் கொத்தாகக் காய் பிடித்துத் தண்டே சாய்ந்தது. காயைத் தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. அந்த மொச்சை வாசனை கை கழுவிய பிறகும் சோற்றோடு கூடவே வந்தது. நோய் வந்த காயில் அந்த வாசனை இல்லை.

கண்ணகி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். சொன்னவள் அவள் மாமியார் கொளஞ்சியம்மாள்.

நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பொங்கல் நெருங்கிவிட்டது. எந்தக் கொல்லையிலும் மொச்சை இல்லை, சந்தையில் விலை கேட்கவே முடியவில்லை என்ற பேச்சு வந்தது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கூட இல்லாமல் இருக்கலாம். பூசணியும் கத்திரிக்காயும் வள்ளிக்கிழங்கும் பச்சை மொச்சையும் போட்ட குழம்பு இல்லாமல் அந்த ஊரில் பொங்கல் கிடையாது. யாரோ ஒருத்தி, "கொளஞ்சி பெரிம்மா வூட்ல மஞ்சக் கொழம்பு வெப்பாங்க, போய்த் தின்னலாம்" என்றாள்.

கொளஞ்சியம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஒருத்தியும் சந்தைக்குப் போவாதீங்க. போகி அன்னிக்கு எங்க கொல்லைக்கு வாங்க. அவுங்கவுங்க பானைக்கு வேணுங்கறத மடி நெறையப் பறிச்சிக்கினு போங்க. அப்பறம் சொல்லுங்க மஞ்சளா பச்சையான்னு."

இதைச் சாயங்காலம் களி கிண்டும்போது அவளே பெருமையாகச் சொன்னாள். கண்ணகி கையில் இருந்த துடுப்பு நின்றுவிட்டது.

"அத்த, இன்னா காரியம் பண்ணீங்க?"

"இன்னாமே பண்ணிட்டன்? ஊருக்கு நாலு காய் குடுத்தா கொறஞ்சா பூடுவ?"

"எட போடறதுக்கு முன்னாடி ஒரு காய் போவக் கூடாது. போனா எந்தப் பாத்தி எவ்ளோ காய்ச்சிதுன்னு தெரியாது. தெரியலன்னா ஆறு மாசம் பட்டதெல்லாம் வீண். ஐயா டிராக்டர அனுப்பிடுவாரு."

கொளஞ்சியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. களிப்பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்ப வராதீங்கன்னு சொல்லிடட்டுமா?" என்றாள், குரல் இறங்கி.

"பொங்கப் பானைக்குன்னு கேட்டு வரவங்கள எப்பிடி அத்த திருப்பறது?"

அது முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கல்யாண வீடாக இருந்தாலும், சாவு விழுந்த வீடாக இருந்தாலும், பொங்கல் பானைக்கு என்று கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லி அனுப்பின பேச்சு அந்தப் பக்கத்தில் கிடையாது.

போகிக்கு முதல் நாள் மதியம் கண்ணகி போன் பண்ணினாள். கோகிலவாணி சேலம் பஸ்ஸில் இருந்தாள், பொங்கலுக்கு ஊருக்குப் போய்க்கொண்டு.

"சொல்லுங்கக்கா."

"மேடம், நாளைக்கு ஊரே நம்ப கொல்லைக்கு வரப்போவுது. மொச்ச பறிக்க."

"அக்கா, பொங்கல் முடிஞ்சதும் வந்து எடை போடலாம்னு இருந்தேனே. அதுக்கு முன்னாடி கை வெச்சுட்டாங்கன்னா இந்த வருஷ சோதனையே செல்லாதுங்க்கா."

"தெரியும் மேடம். வராதீங்கன்னு சொல்ல வழியில்ல. ஆனா ஒண்ணு கேக்கறன், தப்பா நெனைக்காதீங்க. எப்பிடியும் பறிச்சு எட போடத்தான போறீங்க? நாளைக்கே போட்டா இன்னா? காய் முத்திப்போச்சு. பறிக்க ஆளும் தானா வருது."

பஸ்ஸில் யாரோ "சின்னசேலம் எறங்கறதெல்லாம் முன்னாடி வா" என்று கத்துவது கேட்டது.

"முத்தின காய மட்டும் பறிக்கணும். பூவும் பிஞ்சும் செடியிலயே நிக்கணும். பாத்தி மாறிக் கலக்கக் கூடாது. முடியுமாங்க்கா?"

"முடிய வெக்கறன்."

"எங்கம்மா என்னைத் திட்டும். சரி, நான் இங்கயே இறங்கறேன்."

போகி அன்று பனி விலகுவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். பழைய பாய் எரித்த புகை நாற்றம் இன்னும் அவர்கள் சேலையில் இருந்தது. புங்கமரக் கிளையில் கோகிலவாணி தராசைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் பெண்கள் மடியைச் செருகிக்கொண்டு வரப்போரம் அணி வகுத்துவிட்டார்கள். கூலிக்குப் போனால் எப்படியோ அப்படி. ஆளுக்கொரு வரிசையைப் பிடித்து இந்தக் கோடியில் நுழைந்தால் அந்தக் கோடியில்தான் நிமிர்வது. அவர்கள் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஆனால் பாத்திகள் குறுக்கே கிடந்தன. அப்படிப் பறித்தால் ஒவ்வொருத்தி மடியிலும் எல்லா ரகமும் கலந்துவிடும்.

கண்ணகி ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றாள்.

"யக்கா, நில்லுங்க. வரிச புடிக்கக் கூடாது. ஒரு ஆளு ஒரு பாத்தி. அந்தப் பாத்தி முடிஞ்சதும் கொண்ணாந்து மேடம்கிட்ட எட போட்டுட்டுத்தான் அடுத்தது."

சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லோரும் ஏழாம் நம்பர் பாத்தியைப் பார்த்து நடந்தார்கள். நோய்ப் பாத்திகள் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

"அது யாரு பறிக்கறது?" என்றாள் கோகிலவாணி, மஞ்சள் பாத்திகளைக் காட்டி. "அதையும் எடை போடணுமே."

"எனக்கு வேணாம்மா" என்றாள் பச்சையம்மா. "பொங்கலும் அதுவுமா கோணக்காயப் பறிச்சிக்கினு வூட்டுக்குப் போவட்டுமா? என் மருமவன் வரான்."

"பறிக்கற பாத்தி வேற, திங்கற கூறு வேற" என்றாள் கண்ணகி. "எல்லாத்தையும் எட போட்டதுக்கப்பறம் மரத்தடியில கொட்டி, வூட்டுக்கு ஒரு கூறுன்னு சமமாப் பங்கு வெச்சிடலாம். உன் மருமவனுக்கும் நல்ல காய் வரும்."

அப்படியும் யாரும் நகரவில்லை. கண்ணகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லையிலேயே மோசமான பாத்திக்குள் இறங்கினாள். முட்டிபோட்டு, சுருங்கிய இலையை விலக்கி, வளைந்த காய்களை ஒவ்வொன்றாகப் பறித்தாள். சற்று நேரத்தில் பக்கத்து மஞ்சள் பாத்தியில் வளையல் சத்தம் கேட்டது. பச்சையம்மா குந்தியிருந்தாள். "பாக்காத, வேலையப் பாரு" என்றாள்.

வெயில் ஏறும் நேரத்துக்குச் சுப்புராயனின் மனைவி செந்தமிழ்ச்செல்வி ஒரு கட்டைப்பையோடு வந்து மரத்தடியில் நின்றார். அவர் வீட்டுத் தோட்டத்திலும் மொச்சை போய்விட்டிருந்தது.

"வாங்கம்மா" என்றாள் கொளஞ்சியம்மாள். "தோ, அந்தப் பாத்தி யாரும் எறங்காம கெடக்குது. இன்னிக்கி வெறுங்கையா நின்னா கூறு கெடையாதாம். நான் சொல்லலம்மா, மேடம் சொல்றாங்க."

மேடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. செந்தமிழ்ச்செல்வி ஒரு கணம் எல்லோரையும் பார்த்தார். பிறகு பையை மரத்தில் மாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அவருக்குக் கிடைத்தது மூன்றாம் நம்பர். பச்சைப்பசேல் என்று நின்ற செடிகளுக்குள் தேடித் தேடி, கடைசியில் ஒரு கையளவு காயோடு நிமிர்ந்தார்.

"இன்னா கொளஞ்சி, ஆளொசரம் எல வளத்துக்கினு நிக்குது, காயே இல்ல?"

"நோவு நொடி இல்லாத மாப்ளதாம்மா. பாக்க லட்சணமா இருப்பான். சம்பாரிக்க மாட்டான்."

சிரிப்பில் குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். செந்தமிழ்ச்செல்வியும் சிரித்தார். கோகிலவாணி அந்தக் கையளவையும் எடை போட்டு எழுதிக்கொண்டாள்.

பறித்த கூடைகளைப் பழனிதான் தராசுக்குத் தூக்கினான். ஒன்பதாம் நம்பர் நிறையக் காய்த்திருந்தது, ஆனால் பாதி கோணல். ஏழாம் நம்பரின் முதல் கூடை வந்ததும் எல்லோரும் மரத்தடிக்கு நகர்ந்தார்கள். கூடையை மாட்டும்போது பழனியின் கை பக்கத்துக் குவியலுக்குப் போய் ஒரு பிடி காயை அள்ளி ஏழாம் நம்பர் கூடையில் போட்டது. யாரும் கவனிக்கவில்லை. கண்ணகி கவனித்தாள். அவள் வந்து அந்தப் பிடியை எடுத்துப் பழைய குவியலிலேயே போட்டாள்.

"பிச்ச போட்டு ஜெயிக்க வெச்சா அடுத்த வருஷம் கொல்லையில அது ஜெயிக்காது" என்றாள், அவன் காதுக்கு மட்டும்.

பழனி தலையைக் குனிந்துகொண்டு கொக்கியில் கூடையை மாட்டினான். முள் இறங்கியது. மற்ற கூடைகளுக்கு நின்ற இடத்தையெல்லாம் தாண்டி இறங்கியது. கோகிலவாணி தராசைத் தட்டி, ஆட்டம் நின்றபின் மறுபடியும் பார்த்தாள். "அடுத்த கூடை" என்றாள்.

கொல்லையின் மறுகோடியிலிருந்து ஏழாம் நம்பரின் இரண்டாவது பாத்திக் கூடை வந்தது. அதுவும் தாண்டியது. மூன்றாவது, மஞ்சள் வரிசைகளுக்கு நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருந்த பாத்தி. பச்சையம்மாவே பறித்துக்கொண்டு வந்தாள். கூடையைத் தலையிலிருந்து இறக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"நான் ஒரு காய்கூட மேல போடல" என்றாள் பச்சையம்மா, யாரும் கேட்காமலே. "மூணு எடத்துலயும் ஒரே மாதிரி தூக்குது."

கோகிலவாணி முள்ளைப் பார்த்தாள். பிறகு கண்ணகியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது, வெயிலாகவும் இருக்கலாம்.

"அக்கா, நிக்குது" என்றாள். "நோயையும் தாங்குது, காயும் குடுக்குது. ரெண்டும் சேர்ந்து இருக்கறது இது ஒண்ணுதான். நாலஞ்சு ஊர்ல இந்தச் சோதனை போட்டிருக்கோம். மத்த இடத்துல நோயே சரியா வரல, அதனால எதையும் நம்பிச் சொல்ல முடியல. உங்க கொல்லையிலதான் நோய் கொட்டுச்சு. அடுத்த ஆடிக்கும் இதே கொல்லை வேணுங்க்கா. இன்னொரு பட்டம் பார்த்துட்டா உறுதியாச் சொல்லிடலாம்."

கண்ணகி கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நோய்ப் பாத்தியில் பறித்த கை அது, வாசனை இல்லை. குனிந்து ஏழாம் நம்பர் கூடைக்குள் கை விட்டு எடுத்து மறுபடியும் முகர்ந்தாள். பிறகுதான் சிரித்தாள்.

எல்லாவற்றையும் மரத்தடியில் ஒன்றாகக் கொட்டிக் கூறு போட்டார்கள். கோகிலவாணி தன் கூறைப் பையில் கட்டிக்கொண்டு மதிய பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் பொங்கல். தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அதே குழம்பு கொதித்தது. பச்சையம்மாவின் மருமகன் மூன்று தரம் சோறு வாங்கினான் என்று பச்சையம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சொல்லிவிட்டு வந்தாள்.

மாட்டுப்பொங்கல் அன்று வெயில் தாழ்ந்ததும் கண்ணகியும் பழனியும் கொல்லையில் இருந்தார்கள். டிராக்டர் சத்தம் கேட்டது. மாயவன் வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, முகப்பில் மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் கலப்பை மாட்டியிருந்தது. பக்கத்தில் சுப்புராயன் உட்கார்ந்திருந்தார். பழனியின் முகம் சுண்டிவிட்டது. கண்ணகி வரப்பிலேயே நின்றாள்.

சுப்புராயன் இறங்கி ஏழாம் நம்பர் பாத்தியைப் போய்ப் பார்த்தார். ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். பூவும் பிஞ்சுமாக இருந்தது.

"நேத்து வெச்ச கொழம்ப இன்னிக்கியும் சுட வெச்சுத் தின்னன்" என்றார். "ஏம்மா கண்ணகி, இதுல வெதைக்குக் கொஞ்சம் எனக்கு ஒதுக்கி வெய்யி. தோட்டத்துல போட்டுப் பாக்கணும்."

"வெத ஏதுங்க ஐயா? முத்தினதெல்லாம் பானைக்குப் போயிடுச்சே."

"எல்லாத்தையுமா?"

"பிஞ்சு நிக்குதுங்க. அது முத்திக் காஞ்சு வெதையாவ மாசி கடைசி ஆவும்." கண்ணகி கலப்பையைப் பார்த்தாள். "கொல்ல நின்னா வெத இருக்குதுங்க. நாளைக்கு உழுதா, மாடு திங்கற தழதான்."

சுப்புராயன் கொத்தைக் கையிலிருந்து விடவில்லை. மாயவன் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஐயா, பொட்டெல்லாம் வெச்சாச்சு. வண்டிய அப்பிடியே திருப்பி வூட்டாண்ட வுட்டுடட்டுமா?"

"நீ ஒருத்தன்டா" என்றார் சுப்புராயன். பிறகு, "திருப்பு" என்றார். கொத்தை மெல்ல விட்டார், அது நிமிர்ந்துகொண்டது. "அடுத்த ஆடிக்கும் அந்தப் பொண்ணு இந்தக் கொல்லையத்தான் கேக்குதாமே? எங்கூட்ல சொன்னா."

"ஆமாங்க. இந்தக் கொல்லையில வந்த மாதிரி நோவு வேற எங்கியும் வரலியாம்."

"அதையும் பெரும மாதிரி சொல்ற."

"பெருமதாங்க ஐயா."

சுப்புராயன் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, கரும்ப ஏரியாண்ட வெச்சிக்கறன். இங்க உங்க நோவையே வளத்துக்கினு இருங்க. பழனி, வெதையில மொத கூறு எனக்கு."

"மொத கூறு மேடத்துக்குங்க" என்றான் பழனி. ஆடியிலிருந்து இன்றுவரை அவரிடம் இத்தனை பளிச்சென்று அவன் பேசியதில்லை. "ரெண்டாவது உங்களுக்கு."

மாயவன் டிராக்டரைப் பின்னால் எடுத்து ரோட்டில் ஏற்றினான். எதிரே மலையடிவாரத்து பஸ் வந்தது, பொங்கல் கூட்டம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு. வளைவில் வேகம் குறைத்து மெல்லத் திரும்பியது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எப்போதும்போலக் கொல்லையைப் பார்த்தார்கள்.

பழனி நிமிர்ந்து, ரோட்டைப் பார்த்தபடியே நின்றான்.